அவுங்க மனசு கஷ்டப்படும்

தன் பெருங்குடலை ‘அவுங்க’ என்று மரியாதையாகக் குறிப்பிட்ட மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் சந்தித்திருக்கிறேன். “அவுங்க இன்னிக்குக் காலையிலேருந்தே கோவமா இருக்காங்க தம்பி,” என்பார். முதல் முறை கேட்டபோது மாமியாரைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து அனுதாபத்தோடு தலையாட்டினேன். அந்த அனுதாபம் வீண் போகவில்லை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சுபாவம்தான் என்று பிறகு தெரிந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதற்காக அல்ல, கோபித்துக்கொள்ளவே மாட்டார் என்பதற்காக. அக்கா என்று வைத்துக்கொள்வோம். பினாங்கில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் எல்லாருமே யாருக்காவது அக்காதான். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் உறவு ரத்த உறவு அல்ல, குடல் உறவு. இரண்டு பேருக்கும் ஒரே நோய். பெருங்குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகி ரத்தம் கசியும் அழற்சி. டாக்டர் விளக்கியதையும் நானாகப் படித்ததையும் கலந்து அக்காவுக்கு ஒருமுறை விளக்கினேன். சுங்கை பினாங்கில் அடுக்கு மாடி வீட்டில் இருப்பவர் என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. திருடர்கள் அல்ல, முறையாகக் குடிவந்தவர்கள். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கீழே வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஜாகா மாதிரி. குடியிருப்பவர் யார், திருட வந்தவர் யார் என்று முகம் பார்த்துப் பிரித்தறிவதுதான் ஜாகாவின் வேலை. எங்கள் வயிற்று ஜாகாக்களுக்கு அந்த முகப்பழக்கம் போய்விட்டது. பசாருக்குப் போய்விட்டுக் கூடையோடு திரும்புகிறவரையும் தடியால் அடிக்கிறார்கள். அடித்ததோடு நிற்காமல் சைரனையும் அழுத்திவிடுகிறார்கள். சத்தம் கேட்டு அடுத்த பிளாக் ஜாகாக்களும் ஓடி வருகிறார்கள். அந்த அடிதடியில் உடைவது கட்டடத்தின் சுவர்.

அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “பாவம், அந்த ஜாகாவுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல போல,” என்றார்.

இதுதான் அக்கா. தன்னை அடிப்பவன் பக்கத்து நியாயத்தையும் யோசிப்பவர்.

நாங்கள் சந்தித்தது மருத்துவமனையில், மருந்தேற்றும் அறையில். சைரன் சத்தம் போல ரத்தத்தில் சுற்றித் திரியும் ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பிடித்து வாயைக் கட்டுகிற மருந்து அங்கே சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை. சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். கழிவறைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் எங்களைப் போன்றவர்களுக்குச் சிம்மாசனம். அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து அதைப் பிடித்துவைப்பார். அடுத்து வருபவரிடம் எழுந்து கொடுத்துவிடுவார். என் முதல் நாளில் அப்படித்தான் அது எனக்குக் கிடைத்தது.

அன்று நான் எழுந்து ஓடிவிடும் நிலையில் இருந்தேன். மருந்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். படித்தவன் என்பதால் என் பயங்கள்கூட அகரவரிசையில் இருந்தன.

“இதுல எலியோட புரதம் கலந்திருக்காம்க்கா,” என்றேன்.

“எலின்னா பிள்ளையாரோட வாகனம்தானே தம்பி. அண்ணன் வாகனத்த அனுப்பிவெக்கறாரு, தம்பிக்காரரு நம்மளப் பார்த்துக்கறாரு. பயப்படாதீங்க லா.”

தம்பிக்காரர் என்றது முருகனை. அக்காவுக்குத் தண்ணீர்மலை முருகன் வீட்டுப் பெரியவர் மாதிரி. என் அகரவரிசையில் ‘எ’ அதோடு அடிபட்டுப் போனது. மற்ற எழுத்துகளையும் அக்காவே ஒவ்வொன்றாகக் கழித்தார். கையெழுத்துப் போட்டேன். ஊசி ஏறியது. மருந்து இறங்கும் நேரம் முழுவதும் அக்கா தன் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்திருந்ததைக் கவனித்தேன். கால் வலியா என்று கேட்டேன். “நமக்காக ஒருத்தவுங்க உள்ள வர்றாங்க. செருப்பு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார்.

அக்கா வேலை பார்த்தது பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். தலை முதல் கால் வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே வரும் சில்லுகளில் பழுதானவற்றைப் பொறுக்கி ஒதுக்க வேண்டும். நாளெல்லாம் நிராகரிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். வெளியே வந்தால் ஒரு பிஸ்கட்டைக்கூட வேண்டாம் என்று சொல்ல வராது.

மேல்மாடியில் இருந்த சீன அம்மாள் ஞாயிறுதோறும் ஆசாம் லக்சா கொண்டுவந்து கொடுப்பார். புளிப்பும் காரமும் மீனும் சேர்ந்த அந்தப் பண்டத்தை அக்காவின் குடலுக்கு அறிமுகப்படுத்துவது, தூங்குகிற ஜாகாவின் காதில் சைரனை வைப்பதற்குச் சமம்.

“எதுக்குக்கா சாப்பிட்டீங்க? வாங்கி வெச்சிருக்கலாமே.”

“அந்தம்மா நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க தம்பி. அவுங்க மனசு கஷ்டப்படுமில்ல.”

“உங்க குடல் மனசு?”

“அவுங்க நம்ம ஆளு. சொன்னா புரிஞ்சுக்குவாங்க.”

புரிந்துகொள்ளவில்லை. அந்த வாரம் முழுவதும் அக்காவைக் கழிவறை வாசலைத் தாண்டவிடவில்லை.

இன்னொரு முறை ஒரு பேரங்காடியின் பெண்கள் கழிவறை வரிசையில் நின்றிருக்கிறார். எங்களுக்கு அவசரம் என்றால் அது மற்றவர்களுடைய அவசரம் அல்ல. எச்சரிக்கைக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு மூச்சுதான் கிடைக்கும். அப்படி நின்றவர் முதலில் ஒரு கர்ப்பிணியை முன்னால் விட்டார். நியாயம். பிறகு நெளிந்துகொண்டிருந்த ஒரு சிறுமியை விட்டார். அதுவும் நியாயம். மூன்றாவதாக அவர் வழிவிட்டது, உதட்டுச் சாயம் சரிசெய்யக் கண்ணாடியைத் தேடி வந்த ஒரு பெண்ணுக்கு. அந்தப் பெண் வரிசையிலேயே இல்லை. அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு மாற்றுக் கைலி இருக்கும். எதற்கென்று நான் அதுவரை கேட்டதில்லை. இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. என் நகைச்சுவை உணர்வு எப்போதும் அரை மணி நேரம் முன்னாலும், மற்ற உணர்வுகள் அரை மணி நேரம் பின்னாலும் ஓடும்.

மருந்து அக்காவுக்கு நன்றாக வேலை செய்தது. ரத்தம் நின்றது. வடையும் பருப்பும் சாப்பிட்டார். “அவுங்க சாந்தமாயிட்டாங்க தம்பி,” என்று ஊர்ச் செய்தி போலச் சொன்னார். குணமானால் பால்குடம் எடுப்பதாகத் தண்ணீர்மலையானிடம் வேண்டிக்கொண்டிருந்தார். தைப்பூசத்தன்று எடுத்தார். அதற்கடுத்த முறை மருந்தேற்றும் அறைக்கு வரவில்லை.

போன் செய்தேன்.

“இனிமே வரமாட்டேன் தம்பி. கோவிச்சுக்காதீங்க.”

“ஏன்கா, என்ன ஆச்சு?”

“குணமாக்கிட்டீங்கன்னு சொல்லி அவருக்குப் பால்குடம் எடுத்துட்டேன். எடுத்துட்டு வந்து மறுபடி ஊசி போட்டுக்கிட்டா என்ன அர்த்தம்? நீங்க குடுத்தது பத்தல, எதுக்கும் இருக்கட்டும்னு ஆஸ்பத்திரியிலயும் வாங்கிக்கறேன்னு சொல்ற மாதிரி இல்ல? அவரு மனசு கஷ்டப்படுமில்ல.”

“அவர் குணமாக்கினதே இந்த மருந்து வழியாத்தானேக்கா.”

“அதுவும் சரிதான்,” என்றார்.

அக்கா ஒத்துக்கொண்டால் காரியம் கெட்டது என்று அர்த்தம். டாக்டரம்மாவிடம் சொன்னேன். என் மகளாக இருக்கக்கூடிய வயது அவருக்கு. உடனே போன் செய்தார். இடையில் நிறுத்தக் கூடாது, நோய் தூங்குகிறதே தவிரப் போகவில்லை என்று பொறுமையாக விளக்கினார். “சரிங்க டாக்டர், கண்டிப்பா வரேன்,” என்று பதில் வந்தது. வரவில்லை. டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவர் வீடு அதிக தூரமில்லை. நேரில் போனேன். ஒரு மணி நேரம் பேசினேன். தேநீர் கொடுத்து, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் “ஆமா தம்பி” என்று சொல்லி, லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார். அப்போதும் வரவில்லை. முடியாது என்று சொல்பவரோடு சண்டை போடலாம். சரி என்று சொல்பவரை என்ன செய்வது?

ஓராண்டுக்கு மேல் நன்றாக இருந்தார். அந்த நாட்களில் நான்தான் முட்டாள் போலத் தெரிந்தேன். பிறகு ஒருநாள் அதே அறைக்கு வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நாளெல்லாம் ரத்தப்போக்கு. டாக்டரம்மாவைத் தொந்தரவு செய்ததற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். இருவருக்கும் ஒரே நேரத்தில் அதே மருந்து ஓட ஆரம்பித்தது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கழுத்து சிவந்தது. சிவப்பு முகத்துக்கு ஏறியது. வலது கை நெஞ்சுக்குப் போனது. பக்கத்தில் போன நர்ஸை, எங்கள் வழக்கில் மிஸ்ஸியை, கூப்பிட்டார்.

“மிஸ்ஸி, மன்னிச்சுக்குங்க, வேலையா இருக்கீங்க… ஒண்ணுமில்ல, முடிச்சிட்டு வாங்க… மூச்சுதான் கொஞ்சம்…”

முக்கியமான சொல் கடைசியில் வந்தது. அதற்குள் நான் கத்திவிட்டேன். மிஸ்ஸி ஓடிவந்து மருந்தை நிறுத்தினார். வேறு ஊசி, பிராணவாயு, டாக்டர் என்று அறையே அக்காவைச் சுற்றி நின்றது. ஆட்களின் இடைவெளியில் அக்காவின் கண் மட்டும் எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை, நீங்கள் உட்காருங்கள் என்பது போல ஜாடை காட்டினார். என் கையில் அதே மருந்து ஒரு சலனமும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா பிறகு சொன்னார். “விடாம போட்டுக்கிட்டே இருந்தா உடம்பு இந்த மருந்துக்குப் பழகிக்க சான்ஸ் அதிகம் அங்கிள். ரொம்ப நாள் விட்டுட்டுத் திரும்ப வந்தா, யாரு இது புதுசான்னு பார்க்குது. அதுல எலிப் பகுதி ஒண்ணு இருக்கில்ல, அதுக்கு எதிரா ஆன்டிபாடி ரெடி பண்ணி வெச்சிருக்கு. இனிமே அவுங்களுக்கு இது குடுக்க முடியாது.”

வாழ்க்கையில் ஒருவரையும் வாசலில் நிறுத்திவைக்காத பெண். அவர் உடம்பு மட்டும், உதவிக்கு வந்தவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். முகம் வட்டமாக வீங்கியதே தவிர, ரத்தம் நிற்கவில்லை. ஜாகாக்களைக் குடலுக்குள்ளேயே நுழையவிடாமல் தடுக்கிற இன்னொரு மருந்தும் உண்டு. அது மெதுவாகத்தான் வேலை செய்யும். அக்காவின் குடல் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை. பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கமாக வெளியே கொண்டுவந்து, அதில் ஒரு பை. ஆயுளுக்கும் பை.

எனக்கு எடுத்த பரிசோதனையில் குடல் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று வந்தது. காற்சட்டைகளைத் தையற்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பெரிதாக்கினேன். மருந்தேற்றும் அறையில் சிம்மாசனம் இப்போது காலியாகவே இருந்தது. ஆனால் நான் கடைசி நாற்காலிக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். “ஏன் அங்கிள் அவ்ளோ தூரம்?” என்று மிஸ்ஸி கேட்டார். அந்தப் பக்கம் குளிர் குறைவு என்றேன்.

இதில் என் தவறு எது என்று பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைத்தால் எவ்வளவோ நல்லது. மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கிடைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன், போக வேண்டிய இடத்துக்குப் போனேன். மருந்துக்குப் பயந்து ஓடப் பார்த்தவன் நான். பிடித்து உட்காரவைத்தவர் அவர். நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், அவர் அங்கே இல்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இதற்குப் பிரிவு கிடையாது. அதனால் தண்டனையும் கிடையாது. அதனால் முடிவும் கிடையாது.

அறுவைக்குப் பிறகு அக்கா நிபோங் திபாலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பல மாதம் தள்ளிப்போட்டு ஒருநாள் பாலத்தைத் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே காடி ஓட்டிக்கொண்டு போனேன். வாசல் வரைக்கும் கோழிக் குழம்பு மணத்தது.

“இப்ப ஓடவே வேணாம் தம்பி. நிம்மதி,” என்றார் அக்கா.

அது உண்மையா, என் மனம் கஷ்டப்படக் கூடாதென்று சொன்னதா, தெரியவில்லை. எழும்போது புடவைக்கு மேலே ஒரு கையால் பையைத் தாங்கிக்கொண்டார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்வது போலச் செய்தார்.

“உங்களுக்கு எப்படி இருக்கு? மருந்து கேக்குதா?”

உண்மையைச் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். எதிரே அந்த முகம். பளிங்கு மாதிரி இருக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

“இல்லக்கா. கொஞ்ச நாளா சரியில்ல. மறுபடி ரத்தம் போகுது.”

துணைக்கு ஒரு நோயாளியாக இருப்போமே என்று நினைத்துச் சொன்னது. உலகத்தில் எல்லாருக்கும் நியாயமாகப் படுகிற மாதிரி ஒரு பொய். அக்காவின் முகத்திலிருந்து நோயாளி எழுந்துபோனார். பழைய ஆள் வந்து உட்கார்ந்தார். எத்தனை தடவை, என்ன நிறம், டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரணை நடந்தது. நான் படித்ததையெல்லாம் கொண்டு நல்ல நோய் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தேன். மகளைக் கூப்பிட்டு, “தம்பிக்குக் கஞ்சி வை. குழம்பு வேணாம், அவுங்களுக்கு ஆகாது,” என்றார். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, குழம்பின் மணத்தோடு வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் போன் வந்தது.

“தம்பி, உங்களுக்காக வேண்டிக்கிட்டேன். வர்ற தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுக்கறேன்.”

“அக்கா, வேணாம் லா. உங்க உடம்பு இருக்கற நெலமையில…”

“வேண்டியாச்சு. இப்ப வேணாம்னு சொன்னா அவரு மனசு…”

மீதி எனக்குத் தெரியும்.

தைப்பூசத்தன்று மகள் காடியில் கொண்டுவந்து விட்டார். அக்கா மஞ்சள் புடவையில், தலையில் பால்குடத்தோடு, ஒரு கையால் குடத்தையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். வழிநெடுகப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் யாராவது எதையாவது நீட்டினார்கள். அக்காவுக்கு வாங்கக் கை காலி இல்லை. “வாங்கிக்குங்க தம்பி, கொஞ்சமா சாப்பிடுங்க, குடுக்கறவுங்க மனசு கஷ்டப்படும்,” என்றார். சாப்பிட்டேன். மீஹூன், கொண்டைக்கடலை, கேசரி, சிவப்பாக ஒரு சர்பத். ரத்தம் போகிற நோயாளி தின்னக் கூடாதது அத்தனையையும் தின்றேன். ஒன்றுமே நடக்கவில்லை. என் குடல் அன்று காட்டிய ஆரோக்கியத்தைப் போல அசிங்கமான ஒன்றை நான் உணர்ந்ததில்லை.

“யாருக்கு வேண்டுதல்?” என்று கூட நடந்த ஓர் அம்மாள் கேட்டார்.

“இந்தத் தம்பிக்குத்தான். வயிறு சரியில்ல.”

அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பெரிதாக்கிய காற்சட்டையில் அவர் கண் நின்றது. “பார்த்தா நல்லாத்தானே இருக்காரு.”

“உள்ள இருக்கறது வெளிய தெரியாதுங்க,” என்றார் அக்கா.

படியேற்றம் தொடங்கியது. கொஞ்சம் ஏறி நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி ஏறினார். நான் தூக்குகிறேன் என்றேன். வேண்டிக்கொண்டது நான்தானே என்றார். பாதி மலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அக்கா, எனக்கு ஒன்றுமில்லை, பொய் சொன்னேன். வாக்கியம் தயார். திரும்பிப் பார்த்தால், வியர்வை வழிகிற முகத்தில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கந்தனின் பெயரோடு என் பெயரும் காதில் விழுந்தது. தலையில் பாலைச் சுமந்து நிற்பவரிடம், எனக்காக ஏறாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? வாக்கியத்தை விழுங்கினேன். அதுவும் நன்றாகவே செரித்தது.

மேலே பாலை வாங்கி அபிஷேகத்துக்குக் கொடுத்தார்கள். அக்கா ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். மகள் தண்ணீர் கொடுத்தார். நான் காலடியில் உட்கார்ந்தேன்.

“இனிமே சரியாயிடும் தம்பி,” என்றார். “ஆனா ஒண்ணு. சரியானாலும் ஊசிய நிறுத்தாதீங்க. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. இப்பதான் கேட்டேன்.”

“சரிக்கா. நிறுத்த மாட்டேன்.”

அந்த ஆண்டு முழுவதிலும் நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.